கறுத்துப்போன சுவிட்ச்: வேலூர் வெயிலில் ஒரு பழைய வண்டியோடு கற்றவை

2022 மே மாதம், கத்தரி தொடங்கிய வாரம். ஆற்காட்டைத் தாண்டி இராணிப்பேட்டைக்குப் போகும் பாலாற்றுப் பாலத்தின் நடுவில், ஓடிக்கொண்டிருந்த என் வண்டி சட்டென்று அணைந்தது. பெட்ரோல் இருந்தது. இருமவும் இல்லை, தடுமாறவும் இல்லை. விளக்கை அணைத்ததுபோல் எஞ்சின் நின்றது. உருண்ட வேகத்திலேயே ஓரம் கட்டுவதற்குள் பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டபடி என் முழங்கையை உரசும் தூரத்தில் கடந்து போனது. நடுக்கம் அடங்கும்வரை பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, ஏன் செய்கிறேன் என்று தெரியாமலே, வலது கைப்பிடியில் இருந்த சிவப்பு கில் சுவிட்சை, அதாவது எஞ்சினை அணைக்கும் சுவிட்சை, இரண்டு முறை முன்னும் பின்னும் தள்ளினேன். கிக்கரை உதைத்தேன். ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

அந்த இரண்டு தள்ளலில்தான் விடை இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மேலும் பத்து நாள் பிடித்தது.

வண்டி அப்பாவுடையது. 2011-இல் வாங்கிய 150 சிசி பைக். அவர் ஓய்வு பெற்ற பிறகு என் கைக்கு வந்தது. சத்துவாச்சாரியில் இருந்து இராணிப்பேட்டையில் நான் வேலை செய்யும் தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்துக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். வாரத்தில் ஆறு நாள் நான் ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் அது மறுபடியும் அப்பாவின் வண்டியாகிவிடும். உழவர் சந்தைக்குப் போய் முள்ளுக் கத்தரிக்காயும் கீரையும் வாங்கி வருவார். அவருக்கு முழங்கால் தேய்மானம். கிக்கரை உதைக்க முடியாது. செல்ஃப் ஸ்டார்ட் பட்டன் வேலை செய்தால்தான் அவருக்கு வண்டி. பாலத்தில் அணைவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே அந்தப் பட்டன் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் அழுத்தினால் எடுக்கும். வெயிலில் நின்ற வண்டியை மதியம் அழுத்தினால் எடுக்காது. ஒரு ஞாயிறு சந்தை வாசலில், முன்பின் தெரியாத ஒரு பையனிடம் கெஞ்சிக் கிக்கர் உதைக்கச் சொல்லி அப்பா வீடு வந்து சேர்ந்தார். எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போகவில்லை. அது எனக்கு வலித்தது.

தெருமுனை மெக்கானிக் முதலில் ஸ்டார்ட்டர் ரிலேயை, பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரம் விடும் பாகத்தை, மாற்றினார். நான்கு நாள் சரியாக இருந்தது. பிறகு பேட்டரி போயிருக்கும் என்றார். புது பேட்டரிக்கு 1,500 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். ஒரு வாரம் ஓடியது. பாலத்தில் அணைந்ததைச் சொன்னபோது, மின்பொறி கொடுக்கும் காயில், அதை ஆளும் பெட்டி என்று அடுத்த பட்டியலைத் தொடங்கினார். அவரைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. கடை வாசலில் எட்டு வண்டி காத்திருக்கிறது. எதையாவது மாற்றி அனுப்புவதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். ஆனால் எனக்கு அது கட்டுப்படியாகவில்லை.

லாங் பஜார் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். ஆட்டோ, லாரி, டிராக்டர் என்று எந்த வண்டியின் வயரையும் பார்ப்பார். நான் ரிலே, பேட்டரி கதையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பட்டனை அழுத்தும்போது சீட்டுக்கு அடியில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறதா, தம்பி?”

நான் கவனித்ததே இல்லை. அழுத்திப் பார்த்தோம். சத்தம் இல்லை.

“அப்படியென்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள். டிக் என்று சத்தம் வந்து மோட்டார் சுற்றாவிட்டால் பேட்டரி, மோட்டார், தடித்த வயர். சத்தமே வராவிட்டால் செய்தி ரிலேவுக்குப் போய்ச் சேரவில்லை. பட்டன், கிளட்ச் சுவிட்ச், கில் சுவிட்ச், இடையில் உள்ள வயர், இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.”

இந்த ஒரு சோதனைக்குக் காசு இல்லை, கருவி இல்லை, காது போதும். அது தெரிந்திருந்தால் பேட்டரிக்குக் கொடுத்த பணம் என் பையிலேயே இருந்திருக்கும்.

பாய் ஒரு துண்டு வயரை எடுத்து, பட்டனுக்கு வரும் இரண்டு வயர்களின் இணைப்பையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டார். எஞ்சின் உடனே சுற்றியது. பிறகு திருப்புளியால் வலது கைப்பிடியின் அடியில் இருந்த இரண்டு திருகுகளைக் கழற்றி, சுவிட்ச் வீட்டை, அதாவது அதன் பிளாஸ்டிக் வெளிக்கூட்டை, இரண்டு பாதியாகப் பிரித்தார். உள்ளே பார்த்ததை நான் மறக்கவில்லை. தொழிற்சாலையில் போட்ட கிரீஸ் காய்ந்து, புழுதியோடு சேர்ந்து, வெல்லப்பாகு இறுகியதுபோல் மூலையெல்லாம் அப்பியிருந்தது. செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய தகடுகள் கரிக்கட்டை நிறத்தில் இருந்தன. ஓரங்களில் பச்சைப் பூப்பு. “பாயிண்டில் கார்பன் கட்டியிருக்கிறது” என்றார் பாய்.

அவர் மொழியில் கார்பன். நான் ஆய்வகத்தில் வேலை செய்பவன். அந்தக் கறுப்பை எனக்கு வேறு பெயரில் தெரியும். தோலில் இருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர் அமிலத்தன்மையுள்ள நீரோடு கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு எழும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். செம்பையும் வெள்ளியையும் அது விடாது. எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் அக்கா, வேலைக்கு வரும் நாளில் வெள்ளி மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வருவார், கறுத்துவிடும் என்று. அதே காற்றில், அதே வளாகத்தில், என் வண்டி தினமும் ஒன்பது மணி நேரம் நிற்கிறது. மெட்டிக்கு வந்ததுதான் சுவிட்சுக்கும் வந்திருந்தது. பச்சைப் பூப்பு வேறு கதை, அது ஈரம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்ட அந்த மழையில், நான் வாரக்கணக்கில் நனைந்த வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். நுழைந்த நீர் வெளியேறாமல் உள்ளேயே வேலை செய்திருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களில் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். நான் இப்போது வாயிலுக்கு அருகே, காற்று அடிக்கும் பக்கமாக நிறுத்துகிறேன்; இருநூறு அடி கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். ஹாரனும் ஹெட்லைட்டும் அதே வண்டியில், அதே காற்றில் இருந்தும் ஓரளவு வேலை செய்தன. பட்டன் மட்டும் ஏன் முதலில் போனது? பாயிடம் கேட்டேன். ஸ்டார்ட் பட்டன் மோட்டாரை நேரடியாகச் சுற்றுவதில்லை என்றார். அது ரிலேவின் சுருளுக்குக் கொஞ்சம் மின்னோட்டம் மட்டும் அனுப்புகிறது. மோட்டாருக்குத் தேவையான பெரிய மின்னோட்டத்தை ரிலே பார்த்துக்கொள்கிறது. ஹாரன் போன்றவற்றில் மின்னோட்டம் கூடுதல். ஒவ்வொரு முறை தொட்டு விலகும்போதும் சிறு பொறி பறந்து மேல்படலத்தை எரித்துவிடும். பட்டனில் அவ்வளவு பொறி இல்லை. படலம் அப்படியே தடித்துக்கொண்டு போகும். கில் சுவிட்ச் இன்னும் பாவம். வாங்கிய நாளில் இருந்து ஒரே நிலையில் கிடக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை. தொடாத சுவிட்சின் தொடுமுனை தன்னைத்தானே தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ள வழியில்லை. பாலத்தில் ஏதோ ஒரு மேடு குலுக்கியதும் அதன் பிடி விட்டுப்போனது. இரண்டு முறை தள்ளியதும் படலம் உரிந்து பிடித்துக்கொண்டது.

அதற்காக ஹெட்லைட் சுவிட்ச் தப்பித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதன் நோய் வேறு. 12 வோல்ட்டில் 35 வாட் பல்பு என்றால் ஏறக்குறைய 3 ஆம்பியர். தொடுமுனையில் அரை ஓம் தடை உருவானாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். நாலரை வாட் சூடு, தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக்குக்குள். பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். ‘வண்டி பழசு, வெளிச்சம் மங்கல்’ என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் சுவிட்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரவில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே தகடு சரியாகத் தொடவில்லை. சூடு ஏற ஏற பிளாஸ்டிக் இளகும், தகட்டின் இருப்பிடம் தளரும், அதற்குப் பிறகு எந்தச் சுத்தமும் உதவாது. நம் நாட்டில் 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன்விளக்கை அணைக்கும் சுவிட்ச் கிடையாது. ஆனால் டிம் பிரைட் மாற்றும் சுவிட்ச் இருக்கிறது, அதற்கும் இது பொருந்தும்.

பாய் இருபது நிமிடத்தில் முடித்தார். 100 ரூபாய் வாங்கினார். புது சுவிட்ச் செட் போடலாமா என்று கேட்டேன். “உள்ளே தகடு தேயவில்லை, ஸ்பிரிங் ஒடியவில்லை. இதை ஏன் தூக்கிப் போட வேண்டும்? கம்பெனி கொடுத்த செம்பு இது. கடையில் கிடைக்கும் போலிச் செட்டில் தகடு காகிதம் மாதிரி இருக்கும்” என்றார். பெஞ்சுக்கு அடியில் இருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துக் காட்டினார். வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன சுவிட்ச் செட்டுகள், ஐம்பதுக்குக் குறையாது. “இதில் பாதிக்கு மேல் நல்லவை” என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா சந்தைக்குப் போனார். பட்டனை ஒரே ஒருமுறை அழுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இடது பக்க சுவிட்சையும் நானே திறப்பது என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் அவற்றைச் செய்யக் கூடாது.

முதல் தவறு, திறந்த வெளியில் நின்றபடியே பிரித்தது. இண்டிகேட்டர் சுவிட்சுக்குள், இடம் வலம் நடு என்று மூன்று நிலையிலும் நெம்பு நின்று பிடிக்க, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய எஃகுக் குண்டு ஒன்றும் அதை உந்தும் சிறு ஸ்பிரிங்கும் இருக்கும். மூடியை நெம்பிய நொடியில் இரண்டும் பறந்தன. ஸ்பிரிங் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. குண்டு கிடைக்கவேயில்லை. சைக்கிள் கடையில் அதே அளவு குண்டு தேடி மூன்று கடை ஏறினேன். அன்று முதல், இந்தப் பகுதியைப் பிரிக்கும்போது கையையும் சுவிட்சையும் ஒரு பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டுதான் நெம்புகிறேன். பறந்தால் பைக்குள்ளேயே விழும். பை இல்லாவிட்டால் மடியில் வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறுதான் பெரியது. சுத்தம் செய்து முடித்ததும் எதையாவது பூச வேண்டுமே என்று வீட்டில் இருந்த பெட்ரோலியம் ஜெல்லியை, பேட்டரி முனைக்குப் பூசுவார்களே அந்த நம்பிக்கையில், தாராளமாக அப்பினேன். வேறு ஊரில் அது தாக்குப்பிடித்திருக்குமோ என்னவோ. மே மாத வேலூரில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டுகிறது. கறுப்பு பிளாஸ்டிக் வீடு வெயிலில் நின்றால் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஜெல்லி எண்ணெயாக உருகி, தொட வேண்டிய தகடு, தொடக் கூடாத இடம், ரப்பர், வயர் என்று எங்கும் ஓடியது. ஓடிய இடமெல்லாம் சாலைப் புழுதியை வாரி ஒட்டிக்கொண்டது. ஆடி பிறப்பதற்குள் இண்டிகேட்டர் நெம்பு சேற்றில் சிக்கியதுபோல் நகர மறுத்தது. திறந்தால், நான் சுத்தம் செய்வதற்கு முன் இருந்ததைவிட மோசமாக இருந்தது.

பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்து, “மசகு போட்டால் நல்லது என்று நினைத்துவிட்டீர்கள். எங்கே போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்பதுதான் வேலை” என்றார். அதன் பிறகு அவரிடம் உட்கார்ந்து கேட்டதும், நானே செய்து பார்த்துத் தெளிந்ததும் இவை.

ஒரு சுவிட்சுக்குள் இரண்டு வகை உராய்வு இருக்கிறது. பிளாஸ்டிக் நெம்பு அச்சில் திரும்புகிறது, குண்டு பள்ளத்தில் உருளுகிறது, பட்டன் குழியில் ஏறி இறங்குகிறது. இவையெல்லாம் மசகு கேட்கும் இடங்கள். மின்சாரம் பாயும் தகடும் தகடும் தொடும் முகம் வேறு. அதற்கு முதலில் வேண்டியது சுத்தம். அடுத்து, ஈரமும் காற்றும் நேரடியாகத் தாக்காதபடி கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலம். அதற்கு மேல் எது போட்டாலும் தொல்லை.

நெம்பு அச்சுக்கும் குண்டுக்கும் நான் சிலிக்கான் கிரீஸ் போடுகிறேன். அது பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுப்பதில்லை, எங்கள் ஊர் வெயிலில் உருகி ஓடுவதும் இல்லை. அளவு ஒரு கடுகு. உண்மையாகவே ஒரு கடுகு. குச்சியின் முனையில் எடுத்துக் குண்டின் பள்ளத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இதே சிலிக்கான் கிரீஸைத் தொடுமுனையில் பூசக் கூடாது. அது மின்சாரத்தைக் கடத்தாது. அழுத்தம் கூடுதலாக உள்ள இடத்தில் தகடு அதைத் தள்ளிவிட்டுத் தொட்டுக்கொள்ளும் என்பது சரிதான், ஆனால் பொறி பறக்கும் இடத்தில் சிலிக்கான் எரிந்து மணல் போன்ற கடினத் தூளாக மாறும். ஹாரன், விளக்கு சுவிட்சுகளில் அது மெல்ல மெல்லத் தடையைக் கூட்டும். தொடுமுனைக்குச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று முழுதாக ஆவியாகிவிடும், இன்னொன்று மெல்லிய பாதுகாப்புப் படலம் விட்டுப்போகும். முதலாவதால் கழுவி, இரண்டாவதைத் துணியில் நனைத்து ஒரு துடைப்பு. அவ்வளவு போதும்.

சக்கர பேரிங்குக்குப் போடும் கறுப்பு கிரீஸ் வேண்டவே வேண்டாம். அதில் கிராஃபைட் கலந்திருந்தால் மின்சாரம் கடத்தும். தொடக் கூடாத இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலம் போட்டு பியூஸைப் பறிக்கும். துருப்பிடித்த திருகை இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு ‘சுவிட்ச் சரியாகிவிட்டது’ என்று பலர் சொல்கிறார்கள். ஒரு வாரம் சரியாகத்தான் இருக்கும். அது நீரை விரட்டும், இறுக்கத்தை இளக்கும். நின்று காக்கும் மசகு அல்ல. உள்ளே இருந்த அழுக்கையும் இளக்கி அடுத்த மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். திறக்காமல் அடிக்கும் எந்த ஸ்பிரேயும் அவசரத்துக்கு உதவலாம், வேலை முடிந்ததாகாது.

கழுவுவதற்குச் சிலர் பெட்ரோல், தின்னர் பயன்படுத்துகிறார்கள். தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்; எழுத்து அழியும், ஓரம் வெளுத்து வெடிக்கும். பெட்ரோல் எரியும் பொருள், நீங்கள் வேலை செய்வதோ பேட்டரி உள்ள வண்டியில். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் என் தேர்வு. செல்போன் பழுது பார்ப்பவர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு உதிரிப்பொருள் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். அதுவும் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், பீடி சிகரெட் இல்லாமல் செய்ய வேண்டும்.

இப்போது நான் செய்யும் முறை இப்படி. காலை ஆறு மணிக்கே, நிழலில். முதலில் பேட்டரியின் எதிர்முனையை (மைனஸ்) கழற்றிவிடுகிறேன். திருப்புளி வழுக்கி எங்காவது தொட்டால் பியூஸ் போகும். டேங்கின்மேல் பழைய போர்வை. பிறகு செல்போனில் படம், ஒவ்வொரு படியிலும். அடியில் இருக்கும் திருகுகள் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், நீளம் வேறாக இருக்கலாம். நீளத் திருகைக் குட்டை இடத்தில் முறுக்கினால் வீடு பிளக்கும். அதனால் ஓர் அட்டையில் சுவிட்ச் வீட்டை வரைந்து, எந்தத் துளையில் இருந்து எடுத்தேனோ அங்கேயே திருகைக் குத்தி வைக்கிறேன். திருப்புளி திருகின் தலையில் ஆடாமல் உட்கார வேண்டும். தலை தேய்ந்துவிட்டால் அரை மணி வேலை அரை நாள் ஆகும். இறுகியிருந்தால் திருப்புளியின் பின்புறம் ஒரு தட்டு தட்டி, கீழ்நோக்கி நன்றாக அழுத்தியபடி திருப்புங்கள்.

பிரித்ததும் அவசரப்படாமல் ஒரு நிமிடம் பாருங்கள். எங்கே கறுப்பு, எங்கே பச்சை, எங்கே பிளாஸ்டிக் உருகிய தடம், எந்த வயரின் ஈயப் பற்று வெடித்திருக்கிறது என்று. கெட்டியான பழைய கிரீஸை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுக்கிறேன்; இரும்பால் சுரண்டினால் கீறல் விழும். பழைய டூத் பிரஷில் ஆல்கஹால் தொட்டு இரண்டு மூன்று முறை தேய்த்து, ஒவ்வொரு முறையும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர வெளியே வராது. தகட்டின் கறுப்புக்குப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் போதும். அழிப்பானைச் சிறு ஆப்பாக வெட்டி, தகட்டின்மேல் நாலைந்து தேய்ப்பு. செம்பின் நிறம் எழுந்துவரும்போது மனத்துக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். உப்புத்தாள் எடுக்காதீர்கள். பல தகடுகளில் மேலே மெல்லிய முலாம் இருக்கிறது. உப்புத்தாள் அதை உரித்துவிட்டால் உள்ளே இருக்கும் வெறும் செம்பு இன்னும் வேகமாகக் கறுக்கும். குழி விழுந்த தகட்டுக்கு வேறு வழியே இல்லை என்றால் மட்டும், 1000-க்குக் குறையாத நைஸ் தாளில் இரண்டு தேய்ப்பு.

அழிப்பான் துகள்களை மறக்காமல் கழுவிவிட்டு, முழுதாகக் காய விடுங்கள். அதன் பிறகு ஒரு கடுகு கிரீஸ், ஒரு துடைப்பு, மூடல். மூடுவதற்கு முன் மல்டிமீட்டர் இருந்தால் தடை பார்த்துவிடலாம். தொடும் நிலையில் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்ட வேண்டும். பேட்டரியைச் சேர்த்த பிறகு, விளக்கை எரியவிட்டு சுவிட்சின் இரண்டு பக்க வயரிலும் வோல்ட் பார்ப்பது இன்னும் நம்பகமான சோதனை. 0.2 வோல்ட்டுக்குமேல் அங்கே விழுந்தால் மறுபடி திறக்கிறேன்.

வலது பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே தவறினால் உயிர் சம்பந்தப்பட்டது. பல வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் அதே சுவிட்ச் வீட்டுக்குள்தான் வந்து சுற்றுகிறது. வீட்டின் உள்ளே ஒரு சிறு முளை இருக்கும். கைப்பிடிக் குழாயில் உள்ள துளையில் அது சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் திருகை இறுக்கினால் வீடு வெடிக்கும், அல்லது முழு சுவிட்சும் கையோடு சுழலும். கேபிள் தன் பள்ளத்தில் இருக்கிறதா, வயர் எதுவும் இரண்டு பாதிக்கும் நடுவில் நசுங்குகிறதா என்று பாருங்கள். மூடிய பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகி விட்டுவிடுங்கள். ‘டப்’ என்று தானாகத் திரும்பி வர வேண்டும். ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டிலும் திருப்பி வைத்து இதையே செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலைத் திருப்பினால் வேகம் ஏறுகிறதா என்றும் பாருங்கள். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். சந்தேகம் இருப்பவர்கள் இடது பக்கத்தில் பழகிவிட்டு, வலது பக்கத்தை ஓர் எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கும்போது முதல்முறை செய்வது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

எல்லாவற்றுக்கும் சுவிட்சே காரணம் என்று ஆகிவிடாது. என் நண்பனின் வண்டியில் ஹாரன் இடது பக்கம் திரும்பும்போது மட்டும் அடிக்காது. சுவிட்சைப் பளபளவென்று துடைத்தோம், பயனில்லை. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர் பத்து ஆண்டுகளாக மடங்கி மடங்கி, மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்பு நூல்கள் அறுந்திருந்தன. ஆகவே திறப்பதற்கு முன்பே ஹேண்டிலை இருபுறமும் திருப்பித் திருப்பிச் சோதித்துவிடுங்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இணைப்பிகளையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் அங்கேயும் ஆல்கஹால். அங்கே பொறி பறப்பதில்லை, ஆகவே இணைப்பியின் வாயில் சிலிக்கான் கிரீஸ் தடவி ஈரத்தை அடைப்பது சரியான பயன்பாடு. கிளட்ச் நெம்பின் அடியில் இருக்கும் சிறு சுவிட்சையும், முன் பிரேக் நெம்பின் சுவிட்சையும் யாரும் நினைப்பதில்லை. முன் பிரேக் பிடித்தால் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று இன்றே சுவருக்கு எதிரில் நிறுத்திப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு ஞாயிறு பார்த்ததில் ஏழு வண்டியில் மூன்று எரியவில்லை.

அழுக்கு எப்படிப் போகிறது என்பதைவிட எப்படி வருகிறது என்பதில் எனக்கு இப்போது அக்கறை அதிகம். வெயில், புழுதி, மழை ஆகியவற்றை நாம் தடுக்க முடியாது. ஒரு துணி உறை போடலாம், நிழல் தேடலாம். ஆனால் வாட்டர் சர்வீஸ் நாமாகத் தேடிப்போய் வாங்கும் கேடு. அழுத்தத்தில் பீய்ச்சும் நீரைச் சுவிட்சின் இடுக்கில் நேராகக் காட்டினால், எந்த மழையும் புகாத இடத்துக்கு அது புகுந்துவிடும். கழுவி முடித்து டீசல் கலந்து அடித்து மினுக்குகிறார்களே, அது ரப்பரை ஊதச் செய்யும், புழுதிக்குப் பசையாகும். நான் வண்டியைக் கொடுக்கும்போதே இரண்டு கைப்பிடியிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டி ரப்பர் பேண்டு போட்டுத்தான் கொடுக்கிறேன். டீசல் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இதில் ஆயுத பூஜையைச் சேர்த்துச் சொல்லாமல் முடியாது. ஆண்டு முழுதும் கழுவாத வண்டிகள்கூட அதற்கு முந்தின நாள் வாட்டர் சர்வீஸ் வரிசையில் நிற்கும். மறுநாள் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சையை நசுக்கிப் புறப்படுவோம். எங்கள் வீட்டிலும் அப்பாதான் செய்வார், நான் விரும்பி நிற்கும் நாள் அது. ஆனால் சந்தனத்தைக் கைப்பிடியிலும் சுவிட்சின்மேலும் அப்புவது வழக்கமாகிவிட்டது. நீர்த்த சந்தனம் பட்டனின் இடுக்கில் இறங்கி, காய்ந்து, மாவாக உட்கார்ந்துவிடுகிறது. அதன் பின்னாலேயே ஐப்பசி மழை. பாய் சொன்னார்: ஆயுத பூஜை முடிந்த இரண்டாவது வாரம் அவர் கடையில் ஹாரன் அடிக்காத வண்டிகள் வரிசை கட்டும். அப்பாவிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். சொன்னதும் ஒரு கணம் யோசித்துவிட்டு, “சாமிக்கு ஹெட்லைட் போதும்” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வண்டிக்கு மூன்று விரல் சந்தனம் ஹெட்லைட்டின் நெற்றியிலும், ஒரு பொட்டு டேங்கிலும் மட்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை திறக்கிறேன்: பங்குனியில், கத்தரிக்கு முன் ஒருமுறை; கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை. தோல் தொழிற்சாலைக் காற்றில் நிற்காத வண்டிக்கு ஒருமுறையே போதும் என்று நினைக்கிறேன். கில் சுவிட்சை மட்டும் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும், எஞ்சின் அணைந்திருக்கும்போது, பத்து முறை தள்ளி இழுக்கிறேன். அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாயின் அட்டைப்பெட்டியில் இருந்து இதுவரை நான்கு செட் வாங்கி வந்து சுத்தம் செய்திருக்கிறேன். ஒன்றில் வீடு வெடித்திருந்தது, அதை உதிரிக்கு வைத்துக்கொண்டேன். என் இடது சுவிட்சில் இப்போது இருக்கும் எஃகுக் குண்டு அதில் இருந்து வந்தது. மற்ற மூன்றும் எங்கள் தெரு வண்டிகளில் ஓடுகின்றன. ஒன்று பால்காரர் வண்டியில். அவர் விடியற்காலை நாலரைக்கு முனையில் திரும்பும்போது அடிக்கும் ஹாரன் சத்தத்தில்தான் இப்போது நான் எழுந்திருக்கிறேன்.